உயிலில் ஒரு மகன், ஒரு மருமகள்

1

“உங்கள் கணவர் அந்தோணி ஏன் வரவில்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார், பத்திரங்களுக்குச் சான்று முத்திரை போடும் அந்த அதிகாரி.

என் கணவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் அந்தோணி அல்ல, தேவசகாயம். கோலாலம்பூரில் ரயில்வே பணிமனையில் வேலை. அன்றைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு எனக்குத் துணையாக வந்திருந்தார்.

“இவர்தான் என் கணவர்” என்றேன்.

அதிகாரி, சேலத்திலிருந்து எனக்கு வந்திருந்த தாளை விரலால் தட்டினார். “இறந்துபோன அம்மாளின் மகன் அந்தோணி என்று இதில் இருக்கிறது. அவருடைய மருமகள் பிலோமினா என்றும் இருக்கிறது. பிலோமினா நீங்கள். அப்படியானால் அந்தோணி உங்களுக்கு யார்?”

“என் அத்தை மகன்” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

“அதைத்தானே நானும் சொல்கிறேன்” என்றார்.

அது வேறு அத்தை, இறந்துபோனது மூத்த அத்தை, அந்தோணி இளைய அத்தையின் பிள்ளை என்று நான் சொல்லத் தொடங்கியபோது எனக்குப் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குத் தங்கை மகனும் மகன்தான், தம்பி மகள் மருமகள்தான். நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தையின் உயிலை ஆங்கிலத்தில் பெயர்த்த யாரோ ஒருவர், சொல்லுக்குச் சொல் போட்டு, என்னையும் அந்தோணியையும் புருஷன் பெண்சாதி ஆக்கிவிட்டிருந்தார்.

“தாள் சரியென்றால் கணவரோடு வாருங்கள். தவறென்றால் இந்தியாவிலிருந்து திருத்தி வாங்கி வாருங்கள்” என்று சொல்லி அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். “இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு இப்படியொரு சேதி வந்து சேருது பாரு.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வேண்டாத ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் அலையத் தொடங்கி அப்போது நாலாவது வருஷம்.

2

அந்த வீடு சூரமங்கலத்தில், சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் அப்பாவின் அக்கா சலேத்மேரி அத்தையின் வீடு. மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து காலமானார். அவருக்காகக் கிடைத்த பணத்தில் அத்தை கட்டிய வீடு அது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை இறந்தபோது சிறுவனாக இருந்த அவளுடைய ஒரே பிள்ளை அந்தோணியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அவன் நாமக்கல்லுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பழகப் போகும்வரை வளர்த்தாள். அவளுடைய தம்பிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, நான் ஒரே மகள். அப்பாவும் போன பிறகு எனக்குக் கல்யாணமாகி நான் மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டேன். ஆக, அத்தையின் இரத்த சொந்தம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்தோணியும் நானும் மட்டும்.

அத்தையைப் புண்ணியவதி என்று யாரும் சொன்னதில்லை. வாய் நீளம். வாடகைக்கு வைத்தவர்களோடு சண்டை போட்டு ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டாள். வீடு காலியாகக் கிடந்த சமயத்தில்தான் பரமத்தி வேலூர் பக்கமிருந்து வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர், சேலத்தில் வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்த மகளோடு வாசலில் வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். பயிற்சிப் பள்ளி விடுதியில் இடமில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு அறை கொடுக்க ஊரில் ஒருவரும் தயாரில்லை.

“பொட்டப்புள்ளய எங்க தங்க வெக்கப் போறீங்க?” என்று அத்தை கேட்டாளாம்.

“தெரியலீங்க. திருப்பிக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கறனுங்க.”

“அதுக்கா இவ்வளவு தூரம் பஸ்ஸேத்திக் கூட்டியாந்தீங்க? இங்க உட்டுட்டுப் போங்க. ஆனா எண்ணெயைக் கண்டபடி ஊத்தினா நானு பேசுவேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் கெங்கவல்லியிலிருந்து செல்லம் வந்தாள். பிறகு நர்ஸ் படிப்புக்கு இரண்டு பேர். வீடு நிறைந்தது. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள், மற்றவர்கள் வீட்டிலிருந்து அரிசியும் வாழைத்தாரும் வந்தன. பாதிப் பேர் இந்துப் பெண்கள். சாயங்காலம் அத்தை ஜெபமாலை சொல்லும்போது அவர்கள் ஜெபிக்க வேண்டாம், ஆனால் பாத்திரத்தை உருட்டக் கூடாது. செல்லம்தான் அத்தைக்காக எனக்குக் கடிதம் எழுதுவாள். எண்ணெய் பற்றிய புகார்களையும் அவளே, தன்னைப் பற்றியதானாலும், அத்தை சொன்னபடி எழுதி அனுப்புவாள்.

3

அணா போய் நயா பைசா வந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னால், தான் போனபிறகு இந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்ற யோசனை அத்தைக்கு வந்தது. செல்லத்தைக் கூட்டிக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர் கேட்கக் கேட்கச் சொன்னாள். வீடு, வெளியூரிலிருந்து படிக்க வரும் பெண்கள் தங்குவதற்காகக் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு நிர்வாகத்துக்குச் சேர வேண்டும். ‘மலேயாவில் இருக்கும் என் மருமகள் பிலோமினா’ அதை நிறைவேற்றி வைக்க வேண்டும். மாமாவின் கைக்கடிகாரம் ‘என் மகன் அந்தோணிக்கு.’

“மகன்னே எழுதிரலாங்களா?” என்று எழுத்தர் கேட்டாராம்.

“வேற என்னன்னு எழுதுவீங்க? என்ற மகன்தான்.”

இரண்டு பேர் சாட்சி போட்டு, பதிவும் முடிந்தது. சர்க்கார் முத்திரை குத்தியாகிவிட்டது, இனி ஒருவராலும் அசைக்க முடியாது என்று எனக்குக் கடிதம் வந்தது. அத்தையின் பெருமை செல்லத்தின் கையெழுத்தில்கூடத் தெரிந்தது.

ஒரு வருஷம் நிறைவதற்குள் அத்தை மாரடைப்பு வந்து காலமானாள். தந்தி கிடைத்தபோது அடக்கமே முடிந்திருந்தது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆண்டு விடுமுறை வரும்வரை காத்திருந்து, மகள் ரீத்தாவையும் கூட்டிக்கொண்டு, பினாங்கில் கப்பலேறினேன். உயிலைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வீட்டைக் கோயிலிடம் ஒப்படைத்துவிட்டு வருவது ஒரு வார வேலை என்று நினைத்தேன்.

4

சேலத்தில் வக்கீல் சேஷாத்ரி உயிலை முழுதாகப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “கடிகாரம் வரைக்கும் செல்லும்மா. வீடு செல்லாது.”

“ரிஜிஸ்டர் ஆன உயிலுங்க.”

“ரிஜிஸ்டர் பண்றது வேற, டெபாசிட் பண்றது வேற. கிறிஸ்தவங்க தர்மத்துக்குன்னு சொத்தை எழுதினா, அந்த உயிலை ஆறு மாசத்துக்குள்ள கவர்ல மூடி முத்திரை வெச்சு, பாதுகாப்புக்குன்னு ரிஜிஸ்திரார்கிட்ட ஒப்படைக்கணும். அதுக்கு மேல, எழுதினவங்க ஒரு வருஷமாவது உயிரோட இருக்கணும். இங்க ரெண்டுமே நடக்கலை.”

“பத்திரம் எழுதினவரு இதச் சொல்லலீங்களே.”

“அவர் எழுதறதெல்லாம் இந்துக்கள் உயில். அவங்களுக்கு இந்த விதி கிடையாது.”

“பக்கத்து வீட்டு அம்மா இதே உயிலை எழுதியிருந்தா?”

“இந்துன்னா செல்லும்.”

“எங்களுக்கு மட்டும் ஏனுங்க?”

வக்கீலுக்கும் இந்தச் சட்டத்தின்மேல் மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. “வெள்ளைக்காரன் ஊர்ல, சாகக் கிடக்கறவங்க பக்கத்துல உட்கார்ந்து சாமியாருங்க சொத்தை எழுதி வாங்கிடறாங்கன்னு ஒரு பயம். அதுக்காகப் போட்டது. இங்கயும் கொண்டுவந்து வெச்சான். அவன் போயிட்டான், இது இருக்கு. நெருங்கின சொந்தம் யாருமே இல்லைன்னா இந்த உயில் அப்படியே செல்லும்மா. தங்கை மகன் ஒருத்தர் இருக்கார், அண்ணன் தம்பி வழியில நீங்க இருக்கீங்க. நீங்க ரெண்டு பேரும் இருக்கறதாலதான் செல்லலை. வீடு உங்களுக்குப் பாதி, அவருக்குப் பாதி.”

“எனக்கு வேண்டாம்னு இப்பவே எழுதிக் குடுத்தர்றேன்.”

“வேண்டாம்னு சொல்றதுக்கும் முதல்ல அது உங்க பேருக்கு வரணும். கோர்ட்ல மனு போடணும்.”

நான் அங்கிருந்து நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். “பாதி வீட்டை வாங்கிக்கிட்டு, மீதிப் பாதிக்காக இந்தக் கோயில்ல வளர்ந்த ஆள்மேலயே நான் வழக்குப் போடறதா? முழுசாக் கொண்டு வாம்மா, வாங்கிக்கறேன்” என்றார்.

இனி எல்லாம் அந்தோணி கையில்.

5

நாமக்கல் பட்டறையில் மரத்தூளும் பெயின்ட் வாடையுமாக இருந்தது. அந்தோணி இப்போது அங்கே பங்குதாரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பாதி கட்டிய லாரியிலிருந்து இறங்கி வந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வா அம்மிணி. புள்ளயக் கூட்டிட்டு வரலியா?”

“சூரமங்கலத்துல அந்தப் புள்ளைங்களோட இருக்குது. மச்சான், நேராவே கேக்கறேன். உங்க பெரியம்மா ஊட்டை என்ன பண்றதா இருக்கீங்க?”

“விக்கப் போறேன்.”

“அந்தப் புள்ளைங்க எங்க போகும்?”

“எனக்கும் பொட்டப்புள்ளைங்கதான் இருக்குது. சட்டம் பாதி குடுக்குதுன்னா நான் எதுக்கு வேண்டாங்கோணும்?”

“பெரியம்மா மனசு உங்களுக்குத் தெரியாதா?”

அதுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசியவர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அவங்க கையில சோறு தின்னு வளந்தவன் நானு. நெஞ்சு வலின்னதும் லாரியில படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நானு. நீ கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து காயிதம் போட்டுட்டு இருந்தே. நடத்தி வெக்கறதுக்கு உன்னய எழுதியிருக்காங்க. எனக்குக் கடியாரம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தப் புள்ளைங்களுக்கே எழுதுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். கேக்கலியே.”

அத்தை ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. மகனிடம் கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. தன் பேச்சை மீறமாட்டான் என்று இருந்திருப்பாள். அதை நான் எடுத்துச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. அப்போது எனக்கு வந்தது கோபம்தான். அவர் வரவழைத்துக் கொடுத்த கலர் சோடாவைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

சூரமங்கலம் வீட்டில் செல்லம் எல்லோர் சார்பிலும் என்னிடம் கேட்டாள். “நாங்க இப்பவே வேற இடம் பார்க்கணுமாம்மா? பரீட்சை வரைக்குமாவது இருக்கலாமா?” இருங்கள் என்றேன். எந்த உரிமையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ரீத்தா அந்த நாட்களில் அந்தப் பெண்களோடுதான் இருந்தாள். கோலாலம்பூரில் கான்வென்ட்டில் ஆங்கிலத்தில் படிக்கிறவள். “அம்மா, ‘அக்கா வந்தான்’னு சொல்லிட்டேனாம். எல்லாரும் சிரிக்கிறாங்க” என்று முகம் சிவந்து வந்தாள். ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளின் மகள். திரும்பும் கப்பலில் அவள் என்னைக் கேட்டாள்:

“உங்களுக்கு அப்புறம் அந்தப் பாதி எனக்கு வருமா?”

“சட்டப்படி வரும்.”

“நான் அங்க போய் என்ன செய்றது?” என்று சொல்லிவிட்டுத் தன் ஆங்கிலக் கதைப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். அவள்மேல் வருத்தப்பட்டுப் பயனில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி.

6

என் பாதியை என் பேருக்கு வாங்கி அந்தப் பெண்களுக்காக விட்டுக்கொடுக்கலாம் என்று, கப்பலேறுவதற்கு முன் கோர்ட்டில் மனுப் போடச் சொல்லியிருந்தேன். பிறகு நடந்ததெல்லாம் தாள்களின் கதை. நான் இல்லாத ஊரில் எனக்காக வக்கீல் நடத்துவதற்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். முதல் பத்திரத்தில் என் பெயரின் ஆங்கில எழுத்து ஞானஸ்நானச் சான்றில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவது, இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் வரி கட்டியிருக்க வேண்டுமாம். கோடை விடுமுறையில் வக்கீலின் குமாஸ்தா ஊருக்குப் போனதில் அது தவறிப்போனது. மூன்றாவதை நான் அனுப்புவதற்குள் மலேயா மலேசியா ஆகிவிட்டது. தாளில் ஒரு நாடு, முத்திரையில் ஒரு நாடு. இது என்ன என்று கேட்டுத் திரும்பி வந்தது. நாடு பெயர் மாறியதற்கு நான் என்ன சான்று காட்டுவேன்?

ஒவ்வொரு முறையும் சேலம் கோர்ட்டில் வாய்தா. வாய்தா என்ற சொல்லைக் கடிதத்தில் பார்த்தாலே எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. “எனக்குப் புரியவே இல்லை. வேண்டாம்னு சொல்ற ஆளை எதுக்கு இப்படித் துரத்தறாங்க?” என்று ஒரு நாள் சமையல்கட்டில் நின்று கத்தினேன். என் கணவரும் ரீத்தாவும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

நாலாவது பத்திரத்துக்குப் போனபோதுதான் நான் முதலில் சொன்ன மொழிபெயர்ப்பு விவகாரம். தவறு இங்கே மட்டும் பிடிபடவில்லை. அதே ஆங்கிலத் தாளைப் பார்த்து சேலத்து நீதிபதியும் கேட்டுவிட்டார். மகன் இருந்தால் வீடு முழுக்க அவருக்கல்லவா, எப்படிப் பாதி கேட்கிறீர்கள் என்று. தமிழ் தெரிந்தவர்தான் அவர். ஆனாலும், அத்தை வளர்த்த பிள்ளை என்பதால் நாளைக்கு யாரும் பேச்சு எழுப்பக் கூடாது என்று, சம்பந்தப்பட்ட இருவரும் அவர் மகன் அல்ல என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யச் சொன்னார்.

மொழிபெயர்ப்பு திருத்தி வந்ததும் நாலாவது பத்திரமும் என் பிரமாணமும் இங்கே ஒரே காலை நேரத்தில் முடிந்துவிட்டன. இந்த ஒரு வேலையாவது சிக்கலில்லாமல் நடந்ததே என்று சந்தோஷப்பட்டேன். அந்தோணிக்கும் வீட்டை விற்கக் கோர்ட்டின் தீர்ப்புத் தாள்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே தாள் தேவை. இனி தடையில்லை என்று வக்கீலும் எழுதினார்.

செல்லம் இப்போது சூரமங்கலத்திலேயே டீச்சர். அந்த வீட்டில் இருந்துகொண்டு மற்றப் பெண்களைக் கவனித்துக்கொள்கிறாள். வீட்டுவரிக் காரியமாக அவள் வக்கீல் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அந்தோணி வந்தார். நடந்ததை அப்படியே எனக்கு எழுதியிருந்தாள்.

வக்கீல் தாளைப் படித்துக் காட்டினார். “‘காலஞ்சென்ற சலேத்மேரி அம்மாள் என் தாயார் அல்ல. நான் அவருடைய மகன் அல்ல.’ இதுக்குக் கீழே கையெழுத்துப் போடுங்க.”

அந்தோணி பேனாவை வாங்கி, தாளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

“அந்த ரெண்டு வரியும் வேண்டாமுங்க.”

“அதுக்குத்தானே இந்தத் தாளே.”

“தங்கச்சி மகன்னு எழுதுங்க, போடறேன். பெத்தவ இன்னாருன்னு எழுதுங்க, அதுக்கும் போடறேன். அவங்க சொந்த வாயால மகன்னு சொல்லி எழுதி வெச்சிருக்காங்க. நான் அல்லன்னு எழுத மாட்டேனுங்க.”

“நீதிபதி கேக்கறது அதைத்தான். போடலைன்னா உங்க பாதியும் வராது.”

“தெரியுதுங்க” என்று பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

நான் அவருக்குக் கோபமாகவே எழுதினேன். வீட்டை விற்றே தீருவேன் என்கிறீர்கள், விற்பதற்கு வேண்டிய கையெழுத்தையும் போட மாட்டேன் என்கிறீர்கள், நான் இங்கே ஒவ்வொரு அலுவலகமாக நின்று கால் ஓய்ந்துபோனேன் என்றெல்லாம் எழுதினேன். கார்டில் நாலு வரி பதில் வந்தது. ‘அம்மிணி, விக்கத்தான் போறேன். அதுல மாத்தமில்ல. வக்கீலை வேற வழி பாக்கச் சொல்லு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.’

7

வேறு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் பழைய ஆட்கள் இரண்டு பேரைக் கூண்டில் ஏற்றி, அத்தைக்குப் பிள்ளை இல்லை, அந்தோணி தங்கை மகன் என்று சொல்லவைத்தால் போதும்; அவர் கையெழுத்து இல்லாமலே தீர்ப்பு வாங்கிவிடலாம்; சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள் என்று சென்ற மாதம் வக்கீலின் கடிதம் வந்தது. இத்தனை வருஷத்தில் முடிவு என்ற ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான். “எழுதிப் போட்டுடு. முடிஞ்சு தொலையட்டும்” என்றார் என் கணவர். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தபாலிலேயே செல்லத்தின் கடிதமும் இருந்தது. பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில் அந்தோணி சூரமங்கலத்துக்கு வந்திருக்கிறார். கையில் இரும்புப் பெட்டி, கூட மூத்த மகள் ரோசலி. அவளுக்கு வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது.

“எடம் இருக்குதுங்களா டீச்சர்?” என்று வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்.

“உங்க வீடு. எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?” என்றாளாம் செல்லம்.

“அப்படிச் சொல்லாதீங்க. மத்த புள்ளைங்க என்ன குடுக்குதுங்களோ, நானும் அதையே குடுத்தர்றேன். எண்ணெய் ஊத்தறதுல மட்டும் இவளுக்குக் கொஞ்சம் கை தாராளம். நீங்க கண்டிச்சு வெக்கணும்.”

அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, மகளை ஜன்னலோரம் உள்ள கட்டிலில் உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் அங்கிருந்து நேராக வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கிறார். கேஸ் எப்போது முடியும், வீட்டை எப்போது விற்கலாம் என்று கேட்பதற்கு.

அதைப் படித்துவிட்டு நான் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எரிச்சலாகத்தான் இருந்தது. விற்பார். இன்றைக்கு இல்லாவிட்டாலும், ரோசலி அந்தக் கட்டிலைக் காலி செய்த மறுநாள் விற்பார். அத்தை விரும்பியபடி அந்த வீடு முழுதாக யாருக்கும் போய்ச் சேரப் போவதில்லை. எனக்குப் பிறகு என் பாதி ரீத்தாவிடம் வந்து நிற்கும். அவள் அந்தத் தாள்களைப் படிக்கவே யாரையாவது தேட வேண்டியிருக்கும்.

ஆசிரியர் பயிற்சி இரண்டு வருஷம். செல்லம் எழுதியிருக்கும் கணக்குப்படி அந்த வீட்டில் இன்னும் மூன்று பெண்கள் இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த விசாரணை வரும் மாதம். வக்கீலுக்குப் பதில் போட்டுவிட்டேன். சாட்சிகளை இப்போது கூப்பிட வேண்டாம், எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு வாய்தா வாங்குங்கள். அது முடிந்ததும் இன்னொன்றுக்கு என்ன காரணம் சொல்லலாம் என்பதையும் நீங்களே யோசித்து வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.